சனிக்கிழமைப் பானை

இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் என்ன டிபன்?

தோசை என்பீர்கள். இல்லாவிட்டால் சப்பாத்தி. சனி, ஞாயிறு என்றால் கொஞ்சம் தாராளமாகப் பூரி, அடை, ஊத்தப்பம். எனக்கும் பிடிக்கும். முறுகலாக, ஓரத்தில் நல்லெண்ணெய் மினுமினுக்க, நடுவில் கொஞ்சம் மெத்தென்று... வேண்டாம். இதை எழுதுகிற நேரம் சாயங்காலம் ஆறரை. பசி வந்துவிடும்.

நான் கேட்க வந்தது வேறு. அந்தத் தோசையைச் சாப்பிடும்போது உங்கள் வீட்டில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தீர்கள்? எத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தோசை மாதிரி ஜனநாயக விரோதமான பண்டம் கிடையாது. ஒருவர் நின்றால்தான் மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிட முடியும். சப்பாத்தியும் அப்படித்தான். பூரி கேட்கவே வேண்டாம், அதற்கு இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் தேய்க்க, ஒருவர் பொரிக்க. மத்தியானச் சாப்பாட்டில் இந்தத் தொல்லை இல்லை. சோற்றை வடித்து, குழம்பை இறக்கி வைத்துவிட்டால் எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். ஆனால் நகரத்தில் மத்தியானம் யார் வீட்டில் இருக்கிறார்கள்? ஒன்றாக இருப்பது ராத்திரி ஒரு வேளை. அந்த ஒரு வேளைக்கு என்று பார்த்து, ஆளை அடுப்படியில் நிறுத்துகிற அயிட்டமாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம்.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். வீட்டில் நாங்கள் நான்கு பிள்ளைகள். ராத்திரி ஏழரைக்கு அடுப்படியில் கல் காய்ந்தால் ஒன்பது வரைக்கும் காயும். முதல் ஈடு அப்பாவுக்கு. அப்புறம் வயசு வாரியாக நாங்கள். "அடுத்தது யாருக்குல?" என்று உள்ளே இருந்து குரல் மட்டும் வரும். முகம் வராது. எல்லோரும் கை கழுவிய பிறகு, மாவுச் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்த அலசலை ஊற்றி அம்மா ஒரு தோசை சுடுவாள். கல்லில் நிற்காமல் பிய்ந்து பிய்ந்து வரும். அதுதான் அவளுடையது. அந்தத் தோசைக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர்கூட இருந்தது. கழுவுன தோசை. நாங்கள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னோம்.

இதெல்லாம் எனக்கு ஏதோ பெரிய ஞானம் போல அப்போதே உறைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது தாண்டி, அதுவும் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் உறைத்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

2020 ஊரடங்கில் உங்களில் பாதிப் பேர் சமையல்காரர் ஆனீர்கள் அல்லவா? நானும் ஆனேன். பத்திரிகைக்காரனுக்கு வீட்டிலிருந்து வேலை. கையில் கொஞ்சம் நேரம். முதலில் ஆம்லெட், அப்புறம் முட்டை சாதம், மூன்றாவது மாதத்தில் மட்டன் பிரியாணி. நன்றாகத்தான் வந்தது. சத்தியமாக. ஊரடங்கு முடிந்து எல்லோரும் அவரவர் ஆபீசுக்குத் திரும்பிய பிறகும் நான் விடவில்லை. சனிக்கிழமை ராத்திரி என் டிபார்ட்மென்ட் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். "உங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க சார்" என்று பதில் வரும். அதைத் தவறாமல் வீட்டம்மாவிடம் காட்டுவேன்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. பிரியாணி முடிந்து நான் சோபாவில் சாய்ந்திருந்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

இப்படி ஆரம்பித்தால் கோபித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும் என்பது கல்யாணமான எல்லோருக்கும் தெரியும்.

"நீங்க தோசை வேணும்னு கேக்கற அன்னைக்கு எனக்கு அம்பது நிமிஷ வேலை. நீங்க சமைக்கற அன்னைக்கு எவ்வளவு தெரியுமா?"

பால் கணக்கு நோட்டை நீட்டினாள். வங்கியில் வேலை பார்க்கிறவள், கணக்கில் பிசகாது. பின் பக்கத்தில் எழுதியிருந்தாள். வெங்காயம் உரித்து நறுக்கியது 25 நிமிடம். இஞ்சி பூண்டு அரைத்தது 15. புதினா, மல்லி ஆய்ந்தது 15. அரிசி களைந்து ஊறப்போட்டது 5. 'அந்தக் கரண்டி எங்கே, இந்த டப்பா எங்கே' என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து வந்தது 10. பாத்திரம் கழுவியது 40. அடுப்பு, மேடை, சுவரில் தெறித்த எண்ணெய் துடைத்தது 20. மிச்சத்தை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் ஏற்றியது 10. ஆகமொத்தம் 140 நிமிடம்.

நான் அடுப்பின் முன்னால் நின்றது ஒன்றரை மணி நேரம். அதில் படம் எடுத்தது எவ்வளவு என்று அவள் எழுதவில்லை. பெருந்தன்மை.

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுண்டன்ஸியில் முதல் பாடமே, ஒரு பொருளின் அடக்க விலையில் கண்ணுக்குத் தெரிகிற கூலி மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஓவர்ஹெட்டும் சேர்த்தி என்பது. அதைச் சேர்க்காமல் லாபம் காட்டுகிறவனைக் கெட்ட வியாபாரி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் நான் காட்டிய லாபம் அந்த வகை. பிரியாணி அன்று எல்லோரும் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அவள் நின்றது அதற்கு முன்னாலும் பின்னாலும்.

ஆர்தர் பிகூ என்று ஒரு கேம்பிரிட்ஜ் பொருளாதாரப் பேராசிரியர். 1920-ல் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார். ஒருவர் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் சமையல்காரியையே கல்யாணம் செய்துகொண்டால், நாட்டின் வருமானம் அந்த அளவுக்குக் குறைந்துவிடுமாம். வேலை அதேதான். சோறும் அதேதான். சம்பளம் நின்றுபோனதால் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறது. கல்லூரியில் இதை ஜோக்காகக் கேட்டுச் சிரித்தோம். கழுவுன தோசைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

காணாமல் போனதை மத்திய அரசு இப்போது கொஞ்சம் எண்ணிப் பார்க்கிறது. நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று பெயர். 2019-ல் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிட்டது சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97. வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான் இந்த 97. கரண்டியைத் தொடாத மகானுபாவர்கள் இதில் சேர்த்தியே இல்லை. 2024-ல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்கள் 289. சரி, பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது, அந்தப் பத்தை ஆண்கள் வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று ஆசையாகப் பார்த்தால், அவர்கள் 88. அவர்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்!

அன்று ராத்திரி இதையெல்லாம் யோசித்தேன் என்றா நினைக்கிறீர்கள்? கோபித்துக்கொண்டேன். "இனிமே நான் அடுப்படிப் பக்கமே வரலை, போதுமா?" என்றேன். அவள் சண்டை போடவில்லை. "எனக்கு ஒரு சனிக்கிழமை வேணும்ங்க. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை.

அடுத்த சில வாரங்கள் சனிக்கிழமை ராத்திரி போன் மூலம் ஆர்டர். நான்கு பேருக்கு நான்கு விதம். எனக்குக் கொத்து பரோட்டா, மகளுக்கு நூடுல்ஸ், மனைவிக்கு ஏதோ ஒரு சூப். அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்கு இட்லி. ஒன்று இருபது நிமிடத்தில் வரும், இன்னொன்று ஐம்பது நிமிடத்தில் வரும். வந்தது வந்தவர் பிரித்து, அவரவர் அறைக்கு எடுத்துப்போய், அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டு... யாரும் நிற்கவில்லை, வாஸ்தவம். யாரும் சேர்ந்து உட்காரவும் இல்லை. அம்மா தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, மோர் ஊற்றிக் கொஞ்சம் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். காலையில் குப்பைக் கூடையில் பிளாஸ்டிக் டப்பாக்கள் பதினொன்றோ பன்னிரண்டோ.

ஒரு நாள் அம்மாதான் சொன்னாள். "ஏலே, பேசாம ஒரு கூட்டாஞ்சோறு பொங்கிப்பிட்டா என்ன?"

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசி, துவரம்பருப்பு, வீட்டில் இருக்கிற நாட்டுக் காய்கள், முருங்கைக் கீரை, அரைத்த தேங்காய், புளி எல்லாம் ஒரே பானையில் சேர்ந்து வேகிற சோறு. சாம்பார் சாதத்துக்கு உறவு என்று சொன்னால் எங்கள் ஊரில் அடிக்க வருவார்கள். சாம்பார் சாதத்தில் பொடி பேசும். இதில் தேங்காயும் சீரகமும் கீரையும் பேசும். சின்னப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வீட்டிலிருந்து ஒரு கை அரிசி, ஒரு கை பருப்பு, இரண்டு கத்தரிக்காய் என்று கொண்டுவந்து, மரத்தடியில் கல் கூட்டிப் பொங்கித் தின்பார்களே, அதற்கும் கூட்டாஞ்சோறு என்றுதான் பெயர். அந்த விளையாட்டில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? ஒருத்தி மட்டும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற வழக்கம் அதில் கிடையாது. எல்லோருமே பானையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்போம்.

மனைவியிடம் போய், "நான் மறுபடியும் சமைக்கலாமா?" என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

"பையிலேர்ந்து சிங்க் வரைக்கும் நானே" என்றேன்.

"பாப்போம்."

முதல் சனிக்கிழமை தோல்வி. அம்மா கீழ் வீட்டுப் பாட்டியோடு பேசப் போயிருந்த நேரத்தில், நாமே சாமர்த்தியமாக முடித்து அசத்திவிடலாம் என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பானையில் போட்டேன். பருப்பு, அரிசி, காய், மசாலா, புளித்தண்ணீர். முக்கால் மணி நேரம் கொதித்தது. அரிசி வெந்தது. பருப்பு வேகவில்லை. கொத்தவரங்காய் கறுக் கறுக் என்றிருந்தது. இன்னும் அரை மணி நேரம் கொதிக்க விட்டேன். சோறு கூழானது. பருப்பு அப்படியே இருந்தது.

அம்மா திரும்பி வந்து கரண்டியால் ஒரு கிளறு கிளறினாள். ஒரே கேள்விதான் கேட்டாள். "புளிய எப்பம்ல விட்ட?"

அதுதான் விஷயம். புளிப்பு முன்னால் சேர்ந்தால் பருப்பும் காயும் விறைத்துக்கொள்ளும், சீக்கிரத்தில் குழையாது. எல்லாம் வெந்த பிறகுதான் புளி. என் அம்மா விஞ்ஞானம் படித்ததில்லை. ஐம்பது வருடம் அடுப்பு படித்திருக்கிறாள்.

அந்த வேகாத பருப்புக் கூழைத்தான் அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டோம். மகள் பாதியில் எழுந்துவிட்டாள். மனைவி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவ அடுப்படிக்குப் போனவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். என்ன குறை கண்டுபிடித்தாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு பானைதான் கெடக்கு" என்றாள்.

குரலில் இருந்த ஆச்சரியம் எனக்குக் கொஞ்சம் வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது. பிரியாணிக்குக்கூட அவள் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை.

இரண்டாவது சனிக்கிழமை. இப்போது முறையாகச் சொல்கிறேன், வேண்டுமென்றால் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு, காலையில் கொஞ்சம் மிஞ்சுகிற மாதிரி. புழுங்கல் அரிசி 2 டம்ளர். துவரம்பருப்பு முக்கால் டம்ளர். முருங்கைக்காய் 2, கத்தரிக்காய் 4, வாழைக்காய் 1, உருளைக்கிழங்கு 1, எங்கள் ஊரில் சீனியவரை என்கிற கொத்தவரங்காய் ஒரு கை. மாங்காய் சீசன் என்றால் அரை மாங்காய், அப்போது புளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். முருங்கைக் கீரை உருவியது இரண்டு கை.

இந்தக் கீரைதான் பலரைப் பயமுறுத்துகிற சமாசாரம். யார் உட்கார்ந்து உருவுவது? முதல் நாள் ராத்திரியே கொத்தாக ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் முக்கால்வாசி இலை தானாக உதிரும். என் மகளுக்கு இது மாஜிக் மாதிரி இருந்தது. மிச்சக் கால்வாசியை அவளே உட்கார்ந்து உருவினாள், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு.

அரைக்க: தேங்காய் அரை மூடி, காய்ந்த மிளகாய் 7, சீரகம் ஒன்றரை ஸ்பூன், சின்ன வெங்காயம் 6, பூண்டு 4 பல், கொஞ்சம் மஞ்சள் தூள். ரொம்ப நைசாக வேண்டாம். புளி ஒரு சின்ன எலுமிச்சை அளவு, தனியாகக் கரைத்து, பானைக்குத் தூரத்தில் வையுங்கள். அனுபவஸ்தன் சொல்கிறேன்.

அடி கனமான பெரிய பாத்திரத்தில் 9 டம்ளர் தண்ணீர் கொதித்ததும் பருப்பு. கால் மணி நேரம் அது மட்டும் வேகட்டும். அப்புறம் அரிசி, கூடவே கொத்தவரங்காய், வாழைக்காய், உருளைக்கிழங்கு. பத்து நிமிடம் கழித்து முருங்கைக்காயும் கத்தரிக்காயும். கத்தரிக்காயை முதலிலேயே போட்டால் கடைசியில் காம்பு மட்டும்தான் மிஞ்சும். பக்கத்து அடுப்பில் இரண்டு டம்ளர் வெந்நீர் தயாராக இருக்கட்டும், அரிசிக்கு அரிசி தண்ணீர் இழுப்பது மாறும். ஒரு பருக்கையை எடுத்து நசுக்குங்கள். நடுவில் முள் இல்லாமல் மசிந்தால் அரைத்ததையும் கீரையையும் உப்பையும் போடுங்கள். ஒரு கொதி. அதற்கும் பிறகுதான் புளித்தண்ணீர்.

இப்போது தீயைக் குறைத்து, பானைக்கு அடியில் தோசைக்கல்லைக் கொடுத்து விடுங்கள். அடி பிடிக்காது. ஆமாம், தோசைக்கல்லுக்கும் அன்றைக்கு வேலை உண்டு. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லாத வேலை. பத்து நிமிடம் கழித்து நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, உதிர்த்த வெங்காய வடகம் தாளித்துக் கொட்டினால் தெரு முனை வரைக்கும் வாசனை போகும். தொட்டுக்கொள்ள அப்பளம் போதும்.

குக்கரில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம். காய் எது, கீரை எது என்று தெரியாமல் ஒரு பச்சைக் களி வரும். உங்கள் இஷ்டம்.

அன்று வங்கிக்கு வேலை நாள். மனைவி ஏழே காலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே வழக்கம் போல அடுப்படியைப் பார்த்துத்தான் நடந்தாள். மேடை சுத்தமாக இருந்தது. அரைத்த ஜாரைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன். பானை தோசைக்கல் மேல் சிணுங்கிக்கொண்டிருந்தது. என்ன செய்வது என்று தெரியாதவள் மாதிரி ஒரு நிமிடம் நின்றாள். அப்புறம் போய்க் குளித்துவிட்டு வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் குளித்து நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

பானையை அடுப்படியில் வைத்துப் பரிமாறவில்லை. இது முக்கியம். கூடத்தில் பாயை விரித்து நடுவில் பலகை போட்டு, பானையையே அங்கே கொண்டுவந்து வைத்தேன். அடுப்படியில் பானை இருந்தால் யாராவது ஒருவர் போய்வந்துகொண்டிருப்பார். அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் வலிக்காக அம்மாவுக்கு மட்டும் ஒரு ஸ்டூல். அப்பளம், தண்ணீர், ஊறுகாய், கரண்டி, கை துடைக்கத் துணி, எல்லாம் முதலிலேயே வந்துவிட்டன.

அம்மா உட்காரவில்லை.

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்பறமா சாப்பிட்டுக்கிடுதேன்."

"உக்காருங்க ஆச்சி" என்றாள் மகள்.

"எனக்கு இப்பம் பசிக்கல தாயி. எல்லாரும் சாப்பிட்டு முடிங்க, என்ன."

பசிக்கவில்லை என்பது பொய். அது நாற்பது வருடப் பழக்கம். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் மனைவி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "அத்தே, இதுல அப்பறம்னு ஒண்ணு கெடையாது. இருக்கறதே ஒரு பானைதான். அப்பறம் வந்தீங்கன்னா வழிச்சுதான் சாப்பிடணும்."

அம்மா உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு தடவை எழுந்துகொள்ளப் பார்த்தாள். ஒரு தடவை தண்ணீர் எடுக்க, தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. இன்னொரு தடவை எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டு, மென்று, என்னைப் பார்த்தாள்.

"உப்பு கொறயுதே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உப்புக் குறைவு என்று எங்கள் வீட்டில் அப்பா சொல்வார், நாங்கள் சொல்வோம். அம்மா சொல்லிக் கேட்டதே இல்லை. எப்படிச் சொல்வாள்? அவள் வாயில் வைப்பதற்குள் நாங்கள் எல்லாம் சாப்பிட்டு எழுந்து போயிருப்போம். குறை சொல்ல எதிரே ஆள் இருக்காது.

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. வடகம் பத்தாது என்றாள். கீரையைக் கொஞ்சம் முந்திப் போட்டுவிட்டேன் என்றாள். வாழைக்காயை இன்னும் பெரிசாக நறுக்கியிருக்க வேண்டும். ஆனாலும் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டாள். மனைவியும் சேர்ந்துகொண்டு, "ஆமா அத்தே, அவரு எல்லாத்தையும் போட்டோவுக்கு ஏத்த மாதிரி நறுக்குவாரு" என்றாள். அன்றைக்கு நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்தது. கழுவ வேண்டியது ஒரு பானை, ஒரு தாளிக்கிற கரண்டி, நான்கு தட்டு. பதினெட்டு நிமிடம். நேரம் பார்த்துத்தான் கழுவினேன். மனைவி மகளோடு கூடத்தில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, குழாய்ச் சத்தம். கேட்காமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து சனிக்கிழமைக்கு எங்கள் வீட்டில் ஒரே பரீட்சை. ஆள் நிற்காமல் எல்லோரும் உட்கார முடியுமா? முடியும் என்றால் பாஸ். உளுந்தஞ்சோறு பாஸ். தோல் உளுந்து அரை டம்ளரை வாசம் வர வறுத்து, அரிசி ஒரு டம்ளர், பூண்டு ஒரு கை, கொஞ்சம் வெந்தயம், தேங்காய்த் துருவலோடு வேகவைத்தால் முடிந்தது. எள்ளுத் துவையலை மத்தியானமே அரைத்து வைத்துவிடலாம். குளிர் காலத்து ராத்திரிக்கு அது ஒரு கம்பளி மாதிரி. சொதியும் பாஸ். எங்கள் ஊரில் கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சங்கதி. பாசிப்பருப்பு, காய்கள், இஞ்சி, பச்சை மிளகாய், தேங்காய்ப்பால். இரண்டாம் பாலில் காய் வேக வேண்டும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் ஆறிய பிறகு. இஞ்சித் துவையல் இல்லாமல் சொதி சாப்பிடுவது பாவம் என்பது அம்மாவின் கட்சி. இடியாப்பம் பாஸ் மார்க்கில் தப்பித்தது, முன்னாலேயே பிழிந்து அவித்து ஹாட் பேக்கில் வைத்துவிடலாம் என்பதால். அடை, ஊத்தப்பம், பூரி எல்லாம் ஃபெயில். அவற்றுக்காக மகள் அவ்வப்போது மறு மதிப்பீடு கேட்கிறாள். நீ நின்று சுடுவதானால் சரி என்றேன். ஒரு வாரம் நின்று சுட்டாள். எட்டாவது அடையில் கால் மாற்றி நிற்க ஆரம்பித்தாள். மறுபடி கேட்கவில்லை.

பிரியாணியைக் கைவிட்டுவிட்டேனா என்று கேட்காதீர்கள். மாதம் ஒரு தடவை உண்டு. வெங்காயத்தை நானே உரிக்கிறேன். அழுதுகொண்டே.

ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வருகிறேன். மிஞ்சிய கூட்டாஞ்சோற்றை இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டுப் பரப்பி, மூடாமல் சிறு தீயில் விட்டால் அடியில் ஒரு பொருக்கு கட்டும். சுரண்டி எடுக்கிற அந்தப் பொருக்குக்காகவே ராத்திரி கொஞ்சம் அதிகமாகப் பொங்கலாம். அது யாருக்கு என்று எங்கள் வீட்டில் சண்டை நடக்கும். போன வாரம் அம்மா ஜெயித்தாள். வயதைக் காரணம் காட்டி.

இதோ, மணி ஏழாகிறது. இன்றைக்கும் சனிக்கிழமைதான். பருப்பு வெந்துகொண்டிருக்கிற கால் மணி நேரத்தில் எழுத உட்கார்ந்தவன் கொஞ்சம் நீட்டிவிட்டேன். அரிசியை எப்போது போட்டேன், எழுந்து போய்ப் போட்டேனா, மகள் போட்டாளா...

கூடத்திலிருந்து மனைவி குரல் கொடுக்கிறாள். "ஏங்க, அரிசி போட்டப்போ பொங்கி வழிஞ்சுதே, அடுப்பத் தொடச்சீங்களா?"

இன்னும் இல்லை.